அறுபத்தெட்டு வயதுப் பயனர்

என் வயது அறுபத்தெட்டு என்று சுவரில் எழுதியிருந்தது. எழுதியவள் நான் பெற்ற மகள். எனக்கு ஐம்பத்து மூன்றுதான் ஆகிறது. அதையும் நான் யாரிடமும் வலியப்போய்ச் சொல்வதில்லை.

அது அவள் படித்த டிசைன் கல்லூரியின் சுவர். இறுதியாண்டுப் பிள்ளைகள் தங்கள் வேலைகளைக் கண்காட்சியாக வைத்திருந்தார்கள். அதில் ஆளுயரப் போஸ்டர் ஒன்றில் நான் உட்கார்ந்திருந்தேன். பழைய நைட்டி, சாயம் போடாத தலை, ஜன்னலுக்கு வெளியே எதையோ பறிகொடுத்த பார்வை. பக்கத்தில் என்னைப் பற்றிய விவரங்கள். தனியாக வசிப்பவர். கணவரை இழந்தவர். கைப்பேசியைக் கண்டால் பயம். கீழே கொட்டை எழுத்தில், நான் என் வாயால் சொன்னதாக ஒரு வாசகம்: 'மாத்திரை சாப்பிட்டேனா இல்லையா என்பதுகூட எனக்கு நினைவில்லை.'

நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். கம்ப்யூட்டரில் பில் போட்டு, மாத்திரை அட்டையைக் கத்தரித்து, காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பிட்ட பிறகு என்று ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் நாள் முழுக்க ஒப்பிக்கிற வாய் இது. நான் எந்த மாத்திரையும் சாப்பிடுவதில்லை. அந்த வாசகத்தைப் படித்ததும் அடிவயிற்றிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது.

என் கணவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் பழுதுபார்க்கிற மனிதர், எதிலும் நிதானம். இரண்டாவது வரியில் விரல் நின்றது.

"நான் எப்பம்மா போனேன்?" என்று மகளைக் கேட்டார்.

"மெதுவா பேசுங்கப்பா. தனியா இருந்தாதான் பிரச்சினை ஸ்ட்ராங்கா தெரியும். இது அம்மா இல்ல. இது பெர்சோனா."

"அது யாரு புதுசா?" என்றேன்.

"நிறைய பேர்கிட்ட பேசி, அவங்க கஷ்டத்தையெல்லாம் சேர்த்து ஒரே ஆளா பண்றதும்மா. அப்புறம் அந்த ஆளுக்காக டிசைன் பண்ணணும். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"நீ எத்தனை பேர்கிட்ட பேசின?"

போஸ்டரின் ஓரத்தை நீவிவிட ஆரம்பித்தாள். அதில் ஒரே மாதத்தில் நாற்பது முதியவர்களைச் சந்தித்ததாகப் போட்டிருந்தது. அந்த மாதம் முழுக்க அவள் கட்டிலை விட்டு இறங்கியதை நான் பார்க்கவில்லை. சாப்பாட்டுத் தட்டே கட்டிலுக்குத்தான் போயிற்று.

இந்தக் கூத்து ஒரே நாளில் வந்ததல்ல. படிப்பு முடிந்ததும் வேலைக்குப் போக வேண்டும், அதற்குத் தயாராகிறேன் என்று ஒரு வருடமாக வீட்டை ஒரு வழி பண்ணிவிட்டாள். கல்லூரியில் வேலைவாய்ப்பு வகுப்பு எடுக்க ஒரு வாத்தியார் வந்தார். அவர் கல்லூரியை விட்டு வெளியே எங்கும் வேலை பார்த்ததாகத் தெரியவில்லை. 'நீங்கள் வேலை தேடுகிறவர்கள் அல்ல, நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு பிராண்ட்' என்று அவர் ஓதிவிட்டார். அன்றிலிருந்து என் மகள் தனக்கென்று ஒரு லோகோ செய்ய உட்கார்ந்தாள். வெயில் காலம் போய் மழைக்காலமும் வந்துவிட்டது. கடைசியில் ஒருநாள் வெள்ளைத் தாளில் ஒரு கறுப்புப் புள்ளியைக் கொண்டுவந்து காட்டினாள்.

"இது என்ன, மை சிந்திருச்சா?" என்றேன்.

"இது புள்ளி இல்லம்மா. மௌனம்."

அதை அவள் வாயே திறக்காமல் சொல்லியிருந்தால் எனக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அடுத்த வாரம் அந்த மௌனத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி வைத்தாள். இப்போது அதில் நம்பிக்கை தெரிகிறதாம்.

பிறகு உடுப்பெல்லாம் கறுப்பாயிற்று. ரோஜாப்பூ போட்ட போர்வை கண்ணை உறுத்துகிறது என்று பரணுக்குப் போயிற்று. சமையலறை டப்பாக்களுக்கு அவளே லேபிள் அடித்து ஒட்டினாள். வெள்ளைத் தாளில் வெளிர்சாம்பல் எழுத்து, அதுவும் எறும்பு கடித்துப் போட்ட அளவில். பார்க்க அழகாகத்தான் இருந்தது, சும்மா சொல்லக்கூடாது. எது உப்பு, எது சர்க்கரை என்பதுதான் தெரியவில்லை. அந்த வாரம் வந்த என் தம்பிக்கு உப்புப் போட்ட காபியைக் கொடுத்துவிட்டேன்.

தம்பி போர்டும் ஸ்டிக்கரும் அடிக்கிற கடை வைத்திருக்கிறான். காபியைத் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "மருமகளே, நம்ம கடையில உனக்கு ஒரு நாற்காலி காலியா போட்டு வச்சிருக்கேன். உன் புள்ளியெல்லாம் வேலைக்கு ஆகாது. எப்ப வேணாலும் வா" என்றான். வருகிறபோதெல்லாம் அந்த நாற்காலியைப் பற்றி விசாரிக்காமல் போக மாட்டான். நல்லவன்தான், ஆனால் தான் சொன்னது நடந்துவிட்டால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான்.

கண்காட்சிக்கு ஒரு பெரிய ஸ்டூடியோவிலிருந்து முதலாளியே வருவார், ஒவ்வொரு வருடமும் ஒரே ஒருவரைத்தான் வேலைக்கு எடுப்பார் என்று சொல்லியிருந்தாள். அன்று காலையில் பல் தேய்த்துக்கொண்டே அழுதாள். நுரையோடு, "என்னை மாமா கடைக்கு மட்டும் அனுப்பிடாதம்மா" என்றாள். அவள் கிறுக்குத்தனம் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், ராப்பகலாக உழைத்திருக்கிறாள், அது எனக்குத் தெரியும். இந்த வேலை இவளுக்குக் கிடைத்துவிட வேண்டும் என்று மனசார நினைத்துக்கொண்டுதான் தலைக்குச் சாயம்கூடப் போட நேரமில்லாமல் கிளம்பி வந்தேன்.

வந்த இடத்தில்தான் என்னை விதவையாக்கி மாட்டி வைத்திருந்தாள்.

நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஸ்டூடியோ முதலாளி வந்துவிட்டார். அங்கே எல்லாருமே கறுப்பு உடுப்புதான், ஏதோ துக்க வீட்டுக்குள் நுழைந்துவிட்டோமோ என்று முதலில் பயந்தேன். இவருடைய சட்டை மட்டும் கசங்கிய கறுப்பு. அதனாலேயே இவர்தான் பெரியவர் என்று தெரிந்தது. போஸ்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி போஸ்டரைப் பார்த்தார்.

"நீங்கதானே இவங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மகளிடம், "பயனரையே கூட்டிட்டு வந்திருக்கீங்களா? யாரும் இப்படிப் பண்ண மாட்டாங்க. யார் இவங்க?" என்றார்.

மகள் முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்த்தாள். என் மகள் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"ஆன்ட்டி," என்றாள். "எங்க ஏரியாதான். ரிசர்ச்சுக்குப் போனப்ப பழக்கம்."

ஆன்ட்டி. அந்த ஒரு சொல்லை நான் விழுங்கினேன் பாருங்கள், அதற்கு ஈடாக இந்த உலகத்தில் எந்த மாத்திரையும் கிடையாது. தொண்டையில் நின்றது, இறங்கவே இல்லை. ஆனால் காலையில் பார்த்த நுரையும் கண்ணீரும் கண்முன் வந்தன. தம்பி கடையின் காலி நாற்காலியும் வந்தது.

"ஆமாங்க," என்றேன். "நல்ல பொண்ணு. அடிக்கடி வந்து பார்த்துக்கும்."

"இவர்?" என்று என் கணவரைக் காட்டினார்.

"பக்கத்து வீடு," என்றார் என் கணவர். செத்தவர் இவ்வளவு வேகமாக யோசிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சொல்லிவிட்டு இரண்டு அடி தள்ளியும் நின்றுகொண்டார்.

முதலாளி என்னிடம் சத்தமாகவும் மெதுவாகவும் பேச ஆரம்பித்தார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். "அம்மா. உங்களுக்கு. என்ன கஷ்டம்?"

"எல்லாம் மறந்து மறந்து போயிடுதுங்க," என்றேன். ஆரம்பித்த பிறகு எனக்கே கொஞ்சம் உற்சாகம் வந்துவிட்டது. "அடுப்பை மூட்டினேனா அணைச்சேனான்னே தெரியல. அவர் போனதுலேருந்தே இப்படித்தான்." அவர் இரண்டு அடி தள்ளி நின்று தலையை ஆட்டினார்.

உடனே முதலாளி மகளுடைய கைப்பேசியை வாங்கி என் கையில் கொடுத்தார். திரையில் அவள் செய்த செயலி. மாத்திரை சாப்பிட்டதும் அதில் ஒரு பட்டனைத் தொட வேண்டும், அவ்வளவுதான். "எங்கே, தொடுங்க பார்ப்போம்," என்றார்.

இங்கேதான் நான் வசமாக மாட்டிக்கொண்டேன். நான் எவ்வளவு மக்காக இருந்தாலும் இந்தச் செயலி எனக்குப் புரிய வேண்டும், அப்போதுதான் அவளுக்கு வேலை. சரி, ஒரே தட்டில் தட்டிவிடலாம் என்று குனிந்தேன். ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளைத் திரையில் வெளிர்சாம்பலாக ஏதோ மிதந்தது. எங்கள் வீட்டு உப்பு டப்பா மாதிரியே இருந்தது. மூக்குக்கண்ணாடி கைப்பையில் இருக்கிறது. நாலு பேர் முன்னால் அதை மாட்டுகிற வழக்கம் எனக்கு இல்லை, மாட்டினால் வயதாகித் தெரியும். சுவரில் அறுபத்தெட்டு என்று எழுதியிருந்தும் எனக்கு அந்தக் கவலை போகவில்லை.

மேலே ஒரு மூலையில் சிவப்பாக ஒன்று தெரிந்தது. கண்ணுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதை அழுத்தினேன். திரையில் 'அவசரம்: மகளை அழைக்கிறது' என்று பெரிதாக வந்தது. இவள் பரிசோதனைக்காகத் தன் இன்னொரு எண்ணையே போட்டு வைத்திருந்தாள் போலிருக்கிறது, இவள் கைப்பையிலேயே மணி அடித்தது. பதறிப்போய் அதை எடுத்து, "ஹலோ" என்றாள். நானும் கைப்பேசியைக் காதில் வைத்து, "ஹலோ" என்றேன்.

முதலாளி மூக்கை உறிஞ்சினார். "பார்த்தீங்களா," என்று சுற்றி நின்றவர்களிடம் சொன்னார். "அவங்களுக்கு மாத்திரை வேண்டியதில்ல. மகள்தான் வேணும். இதுதான் டிசைன்." கைதட்டினார்கள். தப்பான பட்டனை அழுத்தியதற்கு என் வாழ்நாளில் எனக்குக் கைதட்டல் கிடைத்தது அன்றுதான்.

வேலை கிடைத்துவிட்டது. வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் என் மகள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். என் கணவர் பழக்கதோஷத்தில் தனக்கு மட்டும் டிக்கெட் எடுத்துக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

"சூப்பரா நடிச்சம்மா," என்றாள். "அதுவும் அந்தப் பட்டன் தெரியாத மாதிரி தேடினியே."

"தெரியலடி."

"சும்மா சொல்லாத."

"நிஜமாவே தெரியல."

என் தோளிலிருந்து தலையை எடுத்தாள். "கண்ணாடியைப் போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். அது உன் தப்பு," என்றாள்.

"புருஷன் இல்லன்னு எழுதினே, ஞாபகம் இல்லன்னு எழுதினே, இல்லாததெல்லாம் எழுதினே. மூக்குக்கண்ணாடி போட வெட்கப்படுவான்னு ஒரு வரி எழுதியிருக்கலாம் இல்ல? அது ஒண்ணுதான் உண்மை."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கும் ஏன் சொன்னோம் என்றாகிவிட்டது.

வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள் கழித்து, தலையைச் சொறிந்துகொண்டு என் முன்னால் வந்து நின்றாள். ஸ்டூடியோவில் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்கிற செயலி செய்கிறார்களாம். அதில் ஒரு திரையை இவள்தான் வரைந்திருக்கிறாள். முதியவர்களை வைத்துப் பரிசோதிக்க வேண்டும், 'அந்த ஆன்ட்டி'யைக் கூட்டி வா என்று முதலாளி சொல்லிவிட்டாராம்.

"ஒரே ஒரு தடவைம்மா. நீ வரலைன்னா நோண்ட ஆரம்பிச்சிருவாங்க. நாப்பது பேர் எங்கேன்னு கேட்டா நான் தொலைஞ்சேன்."

கடையில் லீவு சொல்லிவிட்டு, சாயம் போடாத தலையோடு போனேன். வரவேற்பில் இருந்த பெண் என் வயதைக் கேட்டாள். அறுபத்தைந்துக்கு மேல் இருந்தால்தான் உள்ளே விடுவார்களாம். என் மகள் ஆறடி தள்ளி, என்னை முன்பின் தெரியாதவள் மாதிரி நின்றுகொண்டிருந்தாள். அவள் கழுத்தில் புது அடையாள அட்டை தொங்கியது.

"அறுபத்தெட்டு," என்றேன்.

"தெரியவே தெரியாது ஆன்ட்டி," என்றாள் அந்தப் பெண் அன்போடு. "உங்களைப் பார்த்தா அறுபதுன்னுதான் சொல்லுவாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு மேசையில் இருந்த பூச்சட்டியை எடுத்து அடித்திருப்பேன். நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே ஒரு நீள மேசை. எனக்கு முன்னாலேயே மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், மூன்று பேரும் சாயம் போடாத தலையோடு, வீட்டில் போடுகிற உடுப்போடு. எதிரே சுவர் முழுக்க ஒரு கண்ணாடி. அதற்குப் பின்னால் ஸ்டூடியோ ஆட்கள் உட்கார்ந்து நம்மைப் பார்ப்பார்கள், நமக்கு அவர்கள் தெரியமாட்டார்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். ஆரம்பிக்கிற வரை மைக் வேலை செய்யாதாம்.

என் வலப்பக்கம் இருந்தவள் மெல்லச் சாய்ந்து, "உங்களுக்கு என்ன?" என்றாள்.

"ஞாபக மறதி. உங்களுக்கு?"

"எனக்கு எழுத்தே தெரியாது," என்றாள். "பாங்க்ல கிளை மேனேஜரா இருக்கேன். பையன் இங்க லோகோ போடறான்."

அவளுக்கு அந்தப் பக்கம் இருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்குக் காது கேட்காதாம், மகள் இங்கே அனிமேஷன் செய்கிறாளாம். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இந்த அறையில் உள்ளவர்கள் அத்தனை பேரும் யாரோ ஒருவருக்கு ஆன்ட்டி.

ஓரத்தில் இருந்தவர் மட்டும் நிஜமாகவே மூத்தவர். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். "எனக்குக் கை நடுக்கம்," என்று கையை நீட்டிக் காட்டினார். அது கல்லில் செதுக்கின மாதிரி நின்றது. "குளத்துல பிள்ளைங்களுக்கு நீச்சல் சொல்லித் தர்றேன். நிஜமாவே அறுபத்தெட்டு. முதலாளி என் பையன். கம்பெனி ஆரம்பிச்ச நாள்லேருந்து நான்தான் அவனுக்குப் பயனர்."

"அப்போ அவருக்கு..." என்று இழுத்தேன்.

"உங்க போஸ்டரைப் பார்த்ததுமே தெரிஞ்சிருக்கும். நல்லா நடிக்கிற அம்மா ஒருத்தி கிடைச்சிருக்கான்னு அன்னிக்கு வீட்டுக்கு வந்து சொன்னான். அதுக்காகத்தான் உங்க பொண்ணை எடுத்தான். பாவம், அவளுக்குத் தெரியாது. பயந்துக்கிட்டே இருப்பா. எல்லாரும் முதல்ல அப்படித்தான் இருப்பாங்க." எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்தார். "நான் எத்தனையோ தடவை இங்க வந்து உட்கார்ந்தாச்சு. எது தெரியலம்மான்னு ஒரு நாள் இந்தப் பக்கம் வந்து கேட்டதில்ல, அவன்."

ஒலிபெருக்கியில் முதலாளியின் குரல் வந்தது. சத்தமாக, மெதுவாக. "அம்மா. நேரம் பதிவு பண்ணுங்க. தெரியலைன்னா அது உங்க தப்பு இல்ல. இயல்பா இருங்க."

கைப்பேசியை எடுத்தேன். வெள்ளைத் திரை. வெளிர்சாம்பல். அதே உப்பு டப்பா. கையைத் தள்ளி நீட்டிப் பார்த்தேன், தலையைச் சாய்த்துப் பார்த்தேன். நிமிர்ந்தபோது எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் ஒரு பெண்மணி தெரிந்தாள். நரைத்த தலை, பழைய உடுப்பு, கைப்பேசியைக் கண்டு பயந்த முகம். போஸ்டரில் இருந்தவளேதான். என் மகள் எழுதினதெல்லாம் பொய் என்று இத்தனை நாளும் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேனே, என்னை அவள் கட்டிலில் இருந்தபடியே பார்த்துத்தான் வைத்திருக்கிறாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சீ, என்ன பெரிய வயது என்று கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினேன். எல்லார் முன்னாலும் மாட்டினேன். திரையைப் பார்த்தேன்.

இப்போதும் ஒன்றும் தெரியவில்லை.

"கண்ணாடி போட்டாச்சு," என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். "இப்பவும் தெரியல."

"உங்க தப்பு இல்லம்மா. இயல்பா தேடுங்க," என்றது ஒலிபெருக்கி. மற்றவர்களும் தேடிக்கொண்டிருந்தார்கள். பாங்க் மேனேஜர் மூக்கைத் திரையில் உரசாத குறை. இப்போது யாரும் நடிக்கவில்லை.

பக்கவாட்டுக் கதவு திறந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த என் மகள் வந்தாள். முதலாளிக்கு எல்லாம் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. இந்தக் கதவைத் தாண்டினால் வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டுதான் அவள் வந்தாள், அது அவள் நடையிலேயே தெரிந்தது. என் நாற்காலிப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"எங்கம்மா தேடின? காட்டு."

"இங்க பாருடி. இதுல என்ன இருக்கு?"

தன் கன்னத்தை என் கன்னத்தோடு ஒட்டி, நான் பார்க்கிற இடத்திலிருந்து திரையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்லம்மா," என்றாள்.

ஓரத்தில் இருந்தவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். நடுங்காத கையால் கண்ணாடிச் சுவரைத் தட்டினார்.

"டேய்," என்றார். "உள்ள ஒளிஞ்சு உட்கார்ந்தது போதும். நீயும் வாடா."

சுவருக்குப் பின்னால் நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது.